கச்சா எண்ணெய்க் கசடு கடலைக்கு உரமாகுமா?

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. அதைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, ஒன்றரை ஏக்கரில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை போட்டிருக்கிறேன். இன்றோடு 33 நாள். ஜிப்சம் கேட்டு உரக்கடைக்குப் போனேன். 'ஜிப்சம் மூட்டை மூட்டையாகச் சுமக்கணும். இந்தக் கந்தகக் குருணை 10 கிலோ பையை வாங்கிப் போடுங்க, ஏக்கருக்கு ஒரு பை போதும்' என்று கொடுத்துவிட்டார்கள். பையைப் பார்த்த என் மைத்துனர், 'இது பெட்ரோல் கம்பெனியில் கச்சா எண்ணெயில் கழித்துப் போட்ட கசடு. போட்டால் மண் செத்துடும்' என்கிறார். போடலாமா, வேண்டாமா?"

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி, மைத்துனர் சொன்னதிலும் பாதி சரி. இரண்டு பேரும் தவறவிட்ட பாதியில்தான் இவருடைய மகசூல் இருக்கிறது. அந்த மஞ்சள் குருணை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பதில் தானே கிடைக்கும். நம் பம்புசெட்டுக்கு வாங்கும் டீசல், சொட்டுநீர்க் குழாய், உரச் சாக்கு எல்லாவற்றுக்கும் அதே கதைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடியில் தங்கும் தார்

அந்தக் காலத்தில் நெல் அரைத்தால் தவிடு மாட்டுக்குப் போகும். இன்று அதே தவிட்டிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் எடுத்த பிறகும் அது தீவனமாகிறது. மட்டமான பொருள் என்று ஒதுக்கியதை இன்னொரு முறை பதப்படுத்தினால் மதிப்பு கூடுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடப்பதும் இதுதான்.

கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். லேசானவை ஆவியாகி மேலே போகும். உச்சியில் சமையல் எரிவாயு, அதற்குக் கீழே பெட்ரோலுக்கும் நாப்தாவுக்கும் உரிய பகுதி, பிறகு மண்ணெண்ணெய், அதற்கும் கீழே டீசல் என்று அடுக்கடுக்காகப் பிரியும். எதிலும் சேராமல் அடியில் ஒரு கருப்புக் குழம்பு தங்கும். அதை வெற்றிடக் கோபுரத்தில் இன்னொரு முறை காய்ச்சினாலும் கடைசியில் தார் போன்ற ஒன்று மிஞ்சும். ஆறினால் கல் மாதிரி இறுகும். இதைத்தான் அடிக்கசடு என்கிறோம்.

பல காலமாக இந்தக் கசடு சாலைக்குத் தாராகப் போனது. மீதியை இளக்கி, பாய்லர்களுக்கும் கப்பல்களுக்கும் மலிவு எரிபொருளாக விற்றார்கள். கச்சா எண்ணெயில் இருக்கும் கந்தகம் பெருமளவு சேர்வது இந்த அடிக்கசட்டில்தான். மேற்கு ஆசியாவிலிருந்து வரும் கனத்த கச்சா எண்ணெயில் 100 கிலோவுக்கு 2, 3 கிலோ கந்தகம் இருக்கும் என்றால், கசட்டில் 4, 5 கிலோ வரை இருக்கும். எரித்தால் அத்தனையும் புகையாகி மூச்சுக்குள் போகும்.

உடைத்தால் டீசல், உடைத்தால் பிளாஸ்டிக்

கசட்டில் இருப்பவை நீளமான, கனமான மூலக்கூறுகள். அவற்றைத் துண்டு துண்டாக உடைத்தால் டீசலும் பெட்ரோலும் கிடைக்கும். இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வெறும் சூட்டால் உடைப்பது. 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் கசடு உடைந்து, ஆவியாகும் பங்கு டீசல், பெட்ரோல் வகைகளாகப் பிரியும். உடையாத பங்கு கரிக்கட்டியாக இறுகும். அதற்குப் பெட்ரோலியக் கரி, அதாவது பெட்கோக் என்று பெயர். சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிப்பது பெரும்பாலும் இதைத்தான். சென்னை மணலியில் 1969-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலும் இப்படிக் கசட்டை உடைக்கும் கோக்கர் பிரிவு இருக்கிறது.

இரண்டாவது, வினையூக்கித் தூளைக் கொண்டு உடைப்பது. மாவு போன்ற தூள் சூடான எண்ணெயோடு கலந்து, கண்மூடித் திறப்பதற்குள் உடைத்துவிடும். பெட்ரோலோடு புரொப்பிலீன் என்ற வாயுவும் இதில் கிடைக்கும். நம் நாட்டு இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஃபரீதாபாத் ஆராய்ச்சி மையம் 'இண்ட்மேக்ஸ்' என்று ஒரு முறையை உருவாக்கியது. கனத்த எண்ணெயிலிருந்து சமையல் எரிவாயுவையும் புரொப்பிலீனையும் கூடுதலாக எடுக்கும் முறை அது. முதலில் குவஹாத்தியில் சிறிய அளவில் ஓடியது. பிறகு ஒடிசாவின் பாரதீப் ஆலையில் பெரிய அளவில் அமைத்தார்கள். புரொப்பிலீனைக் கோத்தால் பாலிபுரொப்பிலீன். உரச் சாக்கு, நெல் சாக்கு, கயிறு எல்லாம் அதிலிருந்து வருபவை.

மூன்றாவது, ஹைட்ரஜன் கொடுத்து உடைப்பது. 400 டிகிரியை ஒட்டிய சூடு, நம் வண்டி டயரில் இருப்பதைப்போல் பல மடங்கு அழுத்தம், நடுவே ஹைட்ரஜன் வாயு. உடையும் இடத்திலெல்லாம் ஹைட்ரஜன் போய் ஒட்டிக்கொள்வதால் டீசல் தெளிவாக, சுத்தமாக வரும். செலவு அதிகம், தரமும் அதிகம்.

வினையூக்கியில் உடைத்த பிறகும் அடியில் ஒரு கருப்பு எண்ணெய் மிஞ்சும். அதையும் விடுவதில்லை. காற்றைக் குறைத்து எரித்துக் கரித்தூள் ஆக்குகிறார்கள். டிராக்டர் டயர் கருப்பாக இருப்பதும், சொட்டுநீர்க் குழாய் கருப்பாக இருப்பதும் இந்தக் கரித்தூளால்தான். அழகுக்காகப் போட்டதல்ல. குழாயில் 2 முதல் 2.5 சதவிகிதம் கரித்தூள் இருந்தால்தான் வெயிலின் புற ஊதாக் கதிரில் வெடிக்காமல் நிற்கும்.

ஏன் இப்போது இத்தனை அவசரம்?

சட்டம் இறுகியதுதான் காரணம். 2000-ஆம் ஆண்டு நம் நாட்டு டீசலில் 2,500 பி.பி.எம். வரை கந்தகம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பத்து லட்சம் பங்கில் 2,500 பங்கு என்று பொருள். பி.எஸ். 3 வந்தபோது 350, பி.எஸ். 4-ல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 டீசல், அதில் வெறும் 10.

நம் கணக்கில் சொன்னால் இப்படி. அன்று 1,000 லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2 கிலோ கந்தகம் புகையில் போகும். இன்று 8 கிராம், ஒரு கைப்பிடிகூட இல்லை.

அதே 2020 ஜனவரியில் கடலிலும் கட்டுப்பாடு வந்தது. கப்பல் எரிபொருளில் 3.5 சதவிகிதம் வரை இருந்த கந்தகத்தை 0.5 சதவிகிதமாக உலகம் முழுக்கக் குறைத்தார்கள். கசட்டை அப்படியே விற்க இருந்த பெரிய சந்தை சுருங்கியது. உடைத்துச் சுத்தம் செய்தால் காசு, இல்லாவிட்டால் நஷ்டம் என்ற நிலை ஆலைகளுக்கு வந்தது.

இதனால் எல்லாமே சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் தயாரிக்க எரிவாயு செலவாகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. பெட்கோக்கில் கந்தகம் தங்குகிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியும் இருந்தது. நம் ஊரில் புகை குறைய, ஆலையைச் சுற்றி வாழ்பவர்கள் சுமப்பதையும் மறக்கக் கூடாது.

புகையாகப் போனது குருணையாக வருகிறது

டீசலிலிருந்து பிரித்த கந்தகம் எங்கே போகிறது? ஹைட்ரஜனோடு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றம் உள்ள நச்சு வாயுவாக வெளியே வரும். அதைக் காற்றில் விட முடியாது. 1883-ல் கார்ல் ஃபிரீட்ரிக் கிளாஸ் என்ற வேதியியலாளர் காப்புரிமை பெற்ற முறையில், அந்த வாயுவில் ஒரு பங்கை எரித்து மீதியோடு வினைபுரிய விடுகிறார்கள். உருகிய மஞ்சள் கந்தகம் வடிகிறது. இதன் தூய்மை 99 சதவிகிதத்துக்கும் மேல்.

இந்தியாவில் சொல்லிக்கொள்ளும்படி கந்தகச் சுரங்கம் கிடையாது. ஆலைகளில் கிடைப்பதும் இறக்குமதி ஆவதும்தான் நமக்குக் கந்தகம். உலகச் சந்தையில் இன்று விற்கும் கந்தகத்தில் பெரும்பங்கும் எண்ணெய், எரிவாயு ஆலைகளில் பிரித்ததே. அதிலிருந்து கந்தக அமிலம் தயாரித்து, அந்த அமிலத்தைக் கொண்டுதான் சூப்பர் பாஸ்பேட்டும், டி.ஏ.பி.க்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலமும் செய்கிறார்கள். ஆகவே பெட்ரோல் ஆலைக் கந்தகம் நம் நிலத்துக்குப் புதிதல்ல, வேறு உருவத்தில் பல வருடமாக வந்துகொண்டிருப்பதுதான்.

உருகிய கந்தகத்தில் 10 சதவிகிதம் பென்டோனைட் களிமண் கலந்து குருணையாக்கினால், அதுவே கடையில் விற்கும் 90 சதவிகிதக் கந்தகக் குருணை. ஈரம் பட்டதும் களிமண் உப்பி, குருணை பொடிந்துவிடும். எனவே வாசகரின் மைத்துனர் பயப்படத் தேவையில்லை. இதில் தாரும் இல்லை, எண்ணெயும் இல்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இடம் பெற்ற உரம் இது. பையில் உரத்தின் பெயரும் சத்து அளவும் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடலைக்கு அது மட்டும் போதாது

இனி கடைக்காரர் சொன்ன பக்கம். கந்தகம் கொடுப்பதில் குருணை கெட்டி. 10 கிலோ பையில் 9 கிலோ கந்தகம். எண்ணெய்ச் சத்து கூட இது வேண்டும், மறுப்பில்லை. ஆனால் கடலைக்கு ஜிப்சம் போடச் சொல்வது கந்தகத்துக்காக மட்டும் அல்ல, முக்கியமாகச் சுண்ணாம்புச் சத்துக்காக.

விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு, வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. வேர் எடுத்துக் கொடுப்பது காய்க்குப் போதிய அளவு வந்து சேராது. காய் இருக்கும் மேல் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் ஓடு மட்டும் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு விழுந்த காய்க்கு மண்டியில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். கந்தகக் குருணையில் சுண்ணாம்புச் சத்து துளியும் கிடையாது.

இன்னொன்று, கந்தகக் குருணையைப் பயிர் அப்படியே சாப்பிடாது. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சல்பேட்டாக மாற்றிய பிறகே வேர் எடுக்கும். அதற்கு ஈரமும் வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். 40-ஆம் நாளில் போட்டால் கடலைக்கு உதவுவது தாமதமாகும். ஜிப்சத்தில் இருப்பதோ நேரடியாகச் சல்பேட்.

ஆகவே திண்டிவனம் வாசகருக்கு என் பதில்: இந்த வாரமே ஜிப்சம் வாங்குங்கள். ஏக்கருக்கு 160 கிலோ என்பது பரிந்துரை. பாதி அடியுரமாக, பாதி 40-45 நாளில் களை எடுத்து மண் அணைக்கும்போது. அடியில் போடாமல் விட்டிருந்தால் இப்போது முழுவதையும் செடியின் தூரை ஒட்டிப் போட்டு மண் அணையுங்கள். 45 நாளுக்குமேல் மண்ணைக் கிளறாதீர்கள், விழுது அறுந்துவிடும். வாங்கிய கந்தகப் பையைக் கட்டி வைத்து அடுத்த பயிருக்கு அடியுரமாகப் போட்டுக்கொள்ளலாம். கெட்டுப் போகாது. நெருப்பு, பீடி, விளக்கு மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. கந்தகம் பற்றினால் அடைக்கும் புகை.

கந்தகக் குருணை எங்கே பயன்படும்?

எள், சூரியகாந்தி, பயறு வகைகள், வெங்காயம் ஆகியவற்றுக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ அளவில் போடலாம். சுண்ணாம்பு அதிகமுள்ள, கார அமில நிலை உயர்ந்த மண்ணில் கூடுதல் நன்மை உண்டு. ஏற்கெனவே அமிலத்தன்மை உள்ள நீலகிரி போன்ற மலை மண்ணில் வேண்டாம்.

போடுவதற்கு முன் மண்வள அட்டையைப் பாருங்கள். அதில் உள்ள 12 கணக்குகளில் கந்தகமும் ஒன்று. 10 பி.பி.எம்.க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. பயிரிலும் தெரியும். தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும், கந்தகம் குறைந்தால் கொழுந்து இலை முதலில் வெளுக்கும். இதைக் கவனிக்காமல் யூரியா யூரியாவாகப் போட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது? ஐரோப்பாவில் ஆலைப் புகையைச் சுத்தம் செய்த பிறகு, மழையோடு இறங்கிய கந்தகம் குறைந்து, கடுகு இனப் பயிர்களுக்குக் கந்தகம் தனியாகப் போட வேண்டி வந்தது. நம் ஊரில் முதல் காரணம் வேறு. அம்மோனியம் சல்பேட்டையும் சூப்பர் பாஸ்பேட்டையும் விட்டுவிட்டு யூரியாவுக்கும் டி.ஏ.பி.க்கும் மாறினோம். முன்னவை இரண்டிலும் கந்தகம் இருந்தது, பின்னவை இரண்டிலும் இல்லை.

செலவில்லாமல் திரும்பும் வழியும் இருக்கிறது. ஒரு மூட்டை டி.ஏ.பி.க்குப் பதில் மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் போட்டால் தழை, மணிச்சத்து ஏறக்குறைய அதே அளவு. மேலதிகமாக 16 கிலோ கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வரும். டி.ஏ.பி. கிடைக்கவில்லை என்று வரிசையில் நிற்கும் நாளில் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பீப்பாய் எண்ணெய் எச்சரிக்கை

கசட்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஒரு விவசாயி, 'கம்பெனி ஆயில், டீசல் மாதிரியே ஓடும்' என்ற பேச்சை நம்பி, லிட்டருக்கு நல்ல தள்ளுபடியில் ஒரு பீப்பாய் வாங்கினார். டீசல் என்ஜினுக்கென்று தயாராகாத ஏதோ ஒரு கலவை. பத்து நாளில் பம்புசெட்டின் எரிபொருள் பம்பு கடித்துக்கொண்டது. மெக்கானிக் வர இரண்டு நாள், உதிரி வர நான்கு நாள். பூ பிடிக்கும் கட்டத்தில் கடலை தண்ணீர் இல்லாமல் வாடியது. பீப்பாயில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு வயலில் போனது. பில் இல்லாததால் யாரையும் கேட்கவும் முடியவில்லை.

சுத்தம் செய்து பிரித்தால்தான் கசடு டீசலாகும். பாதியில் எடுத்து வந்து விற்பது டீசல் ஆகாது. பங்கில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் குடுவையில் அளந்து காட்டச் சொல்லவும், அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வாசகர் கேள்விகள்

*கந்தகம் எடுத்த புது டீசல் என் பழைய என்ஜினைத் தேய்த்துவிடும் என்கிறார்களே?*

கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் கொஞ்சம் குறைவது உண்மை. அதற்காகவே வழுவழுப்புச் சேர்மானம் கலந்துதான் டீசல் விற்பனைக்கு வருகிறது. பழைய என்ஜினுக்குத் தாராளமாக ஊற்றலாம். மண்ணெண்ணெய் கலப்பதுதான் தேய்மானத்துக்கு வழி. நீங்களாக எதையும் கலக்காதீர்கள்.

*களர் நிலத்தைத் திருத்த ஜிப்சமா, கந்தகமா?*

மண் பரிசோதனை சொல்ல வேண்டும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் கந்தகம் அமிலமாக மாறி அதைக் கரைத்துச் சுண்ணாம்புச் சத்தை விடுவிக்கும். 1 கிலோ கந்தகம் சுமார் 3 கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். சுண்ணாம்பு இல்லாத களருக்கு ஜிப்சம்தான். எதைப் போட்டாலும் தண்ணீர் தேக்கி வடிக்க வடிகால் வேண்டும்.

*நனையும் கந்தகத்தை உரமாக மண்ணில் போடலாமா?*

அது சாம்பல் நோய்க்கும் சிலந்திக்கும் இலையில் தெளிக்க வைத்திருப்பது, உர விலையில் கட்டுப்படியாகாது. தெளிக்கும்போதும் உச்சி வெயிலில் வேண்டாம். எண்ணெய்க் கரைசல் தெளித்த உடனேயும் வேண்டாம். இலை கருகும்.

*கந்தகம் பூசிய யூரியா என்று ஒன்று வந்திருக்கிறதாமே?*

ஆம். 'யூரியா கோல்டு' என்ற பெயரில் 2023 ஜூலையில் அறிமுகமானது. 37 சதவிகிதம் தழைச்சத்து, 17 சதவிகிதம் கந்தகம். வழக்கமான யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து என்பதை நினைவில் வைத்து அளவைக் கணக்கிடுங்கள். கடலைக்கு அதைப் போட்டாலும் ஜிப்சத்தை விட்டுவிட வேண்டாம்.

*சொட்டுநீர்க் குழாய் இரண்டே வருடத்தில் வெடிக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது?*

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்த குழாயாக இருக்கலாம். பக்கவாட்டுக் குழாய் என்றால் ஐ.எஸ். 12786, துளிப்பான் உள்ளேயே பதித்த குழாய் என்றால் ஐ.எஸ். 13488 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் குழாயின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். கருப்பாக இருப்பதாலேயே தரம் என்று நினைக்காதீர்கள்.